இம்யூனோதெரபி எடுக்கும்போது கண் சிவந்தால்: முழுமையான வழிகாட்டி

புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி ஊசி போட்டுக்கொண்டிருப்பவரின் கண் சிவந்தால் அதை மெட்ராஸ் ஐ என்று விட்டுவிடக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடவும் கூடாது. கண் மருத்துவர் ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஒளிக்கருவி) வைத்துப் பார்க்கும்வரை அந்தக் கண்ணில் எந்த மருந்தும் விழாமல் இருப்பதுதான் நல்லது. அது மருந்தின் பக்கவிளைவாகக் கண்ணுக்குள் வரும் யுவைடிஸ் என்ற அழற்சியாக இருக்கலாம். நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே அடங்கிவிடும். புற்றுநோய் சிகிச்சையும் தொடரும். தவறவிட்டால் பார்வையும் போகலாம், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த புற்றுநோய் மருந்தையும் நிறுத்தவேண்டி வரலாம்.

எந்த மருந்துகள், ஏன் கண்

இங்கே இம்யூனோதெரபி என்று சொல்வது நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், அடிசோலிசுமாப், துர்வாலுமாப், அவலுமாப், இப்பிலிமுமாப் ஆகியவற்றையும் இதே வகையைச் சேர்ந்த மற்ற மருந்துகளையும். நுரையீரல், சிறுநீரகம், தலை–கழுத்து, கல்லீரல், தோல் மெலனோமா எனப் பல புற்றுநோய்களுக்கு இவை தரப்படுகின்றன. நம் ஊரில் நரம்பில் ஏற்றும் எல்லாவற்றையும் ‘கீமோ’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் தனக்குப் போடுவது இம்யூனோதெரபி என்பதே பல நோயாளிகளுக்குத் தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர் ‘மாப்’ என்று முடிந்தால், இது அந்த வகையா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படி முடியும் எல்லா மருந்துமே இந்த வகை அல்ல. பெவாசிசுமாப், டிராஸ்டுசுமாப் போன்றவை வேறு விதமாக வேலை செய்பவை.

வெள்ளையணுக்களில் உள்ள டி செல்கள் எல்லை மீறாமல் இருக்க, அவற்றின் மேல் பி.டி-1, சி.டி.எல்.ஏ-4 என்ற புரதங்கள் இருக்கின்றன. இவற்றைத் தூண்டி டி செல்லை அடக்கிவைத்துப் புற்றுநோய் தப்பித்துக்கொள்கிறது. இந்த மருந்துகள் அந்த அடக்குமுறையை நீக்குகின்றன. இதற்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அடக்குமுறை நீங்கிய டி செல் புற்றுநோயை மட்டும் தாக்கும் என்று சொல்ல முடியாது. தோல், குடல், கல்லீரல், தைராய்டு, நுரையீரல் என எங்கும் அழற்சி வரலாம். கண்ணுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கண்ணின் உள்ளே சின்ன அழற்சி வந்தாலும் பார்வை கெடும் என்பதால், அங்கே நோயெதிர்ப்பு எப்போதுமே அடக்கி வாசிக்கும்படிதான் உடல் அமைந்திருக்கிறது. கண்ணின் உள் திசுக்கள் டி செல்லை அடக்கும் பி.டி-எல்1 புரதத்தைத் தாங்களே வைத்திருக்கின்றன. மருந்து அந்தக் காவலையும் விலக்கிவிடுகிறது.

கண்ணுக்குள் வரும் அழற்சியை யுவைடிஸ் என்கிறோம். இந்த மருந்துகள் எடுப்பவர்களில் நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே இது வருகிறது. இப்பிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துப் போடுபவர்களுக்கும், மெலனோமா நோயாளிகளுக்கும், ஏற்கெனவே யுவைடிஸ் வந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். ஏற்கெனவே வந்திருந்தால் முதல் ஊசிக்கு முன்பே கண்ணைக் காட்டி, பார்வை அளவையும் கண் அழுத்தத்தையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு தாள் பெரிய உதவி.

எப்போது வரும்

பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்; அதிலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில்தான் அதிகம். ஆனால் கடைசி ஊசி போட்டு மாதங்கள் கழித்தும் வந்திருக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 22 நாள் ஆகும். நிவோலுமாப்புக்கு 25 நாள். டி செல்லில் ஒட்டிக்கொண்ட மருந்து அதற்கு மேலும் நீடிக்கும். எனவே “ஊசி நிறுத்தி இரண்டு மாதம் ஆயிற்றே, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்” என்று நினைக்க இடமில்லை. டோஸ் குறைவு என்பதாலும் விலக்கு இல்லை. தலை–கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாப் 20 மில்லிகிராம் மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரும் முறை மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை ஆய்வுக்குப் பிறகு இந்தியாவில் பரவியிருக்கிறது. அந்த அளவில் எடுப்பவரும் கண்ணைக் கவனிக்கத்தான் வேண்டும்.

மெட்ராஸ் ஐ வேறு, இது வேறு

இரண்டிலும் கண் சிவக்கும். ஆனால் எங்கே சிவக்கிறது என்று பாருங்கள். மெட்ராஸ் ஐயில் இமையின் உட்பக்கமும் வெள்ளைவிழியின் ஓரங்களும் பளீரெனச் சிவக்கும், பீளை தள்ளும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும், உறுத்தும், வீட்டில் இன்னொருவருக்கும் வந்திருக்கும். யுவைடிஸில் கருவிழியை ஒட்டி வளையம் போலச் சிவப்பு நிற்கும், சற்று ஊதா கலந்திருக்கும். பீளை இருக்காது. வெளிச்சம் பட்டால் வலிக்கும். ஒரு கண்ணில் டார்ச் அடித்தால் மூடியிருக்கும் மறு கண்ணும் வலிக்கும். பார்வை மங்கும். மெட்ராஸ் ஐ பொதுவாக ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குப் போகும். இம்யூனோதெரபியால் வரும் யுவைடிஸ் பல நேரம் இரண்டு கண்ணிலும் சேர்ந்தே வரும்.

சிவப்பே இல்லாமலும் வரும் என்பதுதான் ஏமாற்றும் இடம். அழற்சி கண்ணின் பின்பக்கத்தில், விழித்திரையை ஒட்டி இருந்தால் வெளியே கண் பளிச்சென்றே இருக்கும். நோயாளிக்கு மட்டும் கரும்புள்ளிகள் மிதக்கும், மின்னல் வெட்டும், நேர்க்கோடு வளைந்து தெரியும், நிறம் வெளிறித் தெரியும். கூடவே தலைவலி, காதில் இரைச்சல், காது மந்தம், தோலில் வெண்திட்டு, இமைமுடியோ புருவமோ நரைத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அது வோக்ட்–கொயனாகி–ஹராடா நோயைப் போன்ற வகையாக இருக்கலாம். நிறமிச் செல்களை டி செல்கள் தாக்குவதால் வருவது இது. விழித்திரைக்கு அடியில் நீர் தேங்கி விழித்திரையே பெயரும் அளவுக்குப் போகும். மெலனோமா நோயாளிகளிடமே இது மிகுதி. மற்ற புற்றுநோய்களிலும் வந்திருக்கிறது.

வீட்டில் ஒரு நிமிடச் சோதனை

வாரம் இரு முறை செய்தால் போதும். தினசரி காலண்டர் மாட்டியிருக்கும் சுவருக்கு எதிரே, எப்போதும் ஒரே இடத்தில், வழக்கமான கண்ணாடியோடு உட்காருங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி மறு கண்ணால் தேதியையும் அதன் கீழே சின்ன எழுத்தில் உள்ள ராகு காலத்தையும் படியுங்கள். பிறகு மறு கண். அடுத்து ஜன்னல் கம்பிகளை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பாருங்கள்: நேரான கம்பி நெளிந்து தெரிகிறதா, நடுவில் ஒரு பகுதி மங்கலாக இருக்கிறதா? இரு கண்ணும் திறந்தே இருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். ஒரு கண்ணின் பார்வை பாதியாகக் குறைந்த பிறகும் தெரியாமலேயே இருப்பது இதனால்தான்.

முதல் 24 மணி நேரம்

புதிதாகச் சிவப்பு, வலி, வெளிச்சக் கூச்சம், மங்கல், மிதக்கும் புள்ளிகள், இரட்டைப் பார்வை, இமை தொங்கல் இவற்றில் ஏதாவது வந்தால் அன்றே புற்றுநோய் மருத்துவக் குழுவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அடுத்த ஊசிக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஒரு நாளுக்குள், தாமதமானால் இரண்டு நாளுக்குள், கண் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். பார்வை திடீரென வெகுவாகக் குறைந்தால் அது அவசர சிகிச்சைக்குப் போகவேண்டிய நிலை. மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

அதுவரை கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். கண் மை வேண்டாம். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், கொத்தமல்லித் தண்ணீர், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரின் கண்ணில் சுத்தமில்லாத எதைவிட்டாலும் கருவிழியில் புண் வர வாய்ப்பு உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கண்ணில் இருப்பது ஹெர்பிஸ் புண்ணாக இருந்தால் புண் விரிந்து கருவிழியே கரையும். யுவைடிஸாகவே இருந்தால்கூட அரைகுறையாகப் போட்ட ஸ்டீராய்டு அறிகுறிகளை மூடி மறைக்கும். மருத்துவர் பார்க்கும்போது நோய் உண்மையான தீவிரத்தைக் காட்டாது. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2021-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலும், கண் பரிசோதனைக்கு முன்பாகச் சிகிச்சையைத் தொடங்கினால் கிருமித்தொற்று மோசமாகலாம், நோயின் அளவு தெரியாமல் போகலாம் என்று எச்சரிக்கிறது.

கண் மருத்துவமனைக்குப் போகும்போது கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, ஊசி போட்ட தேதிகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, சர்க்கரை–ரத்த அழுத்த விவரம், அண்மையில் எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். துணைக்கு ஒருவர் வேண்டும். கண்மணியை விரிக்கும் மருந்து விட்ட பிறகு தனியே வண்டி ஓட்டித் திரும்ப முடியாது.

கண் மருத்துவமனையில் என்ன நடக்கவேண்டும்

பதிவுச் சீட்டு போடும் இடத்திலேயே “கேன்சருக்கு இம்யூனோதெரபி எடுக்கிறவர், கண் வலி” என்று சொல்லுங்கள். ‘கண் சிவப்பு’ என்று மட்டும் சொன்னால் வரிசையில் கடைசியில் நிற்க நேரும். இன்னொன்றும் முக்கியம். பல கண் மருத்துவமனைகளில் மருத்துவரைப் பார்க்கும் முன்பே ஊழியர்கள் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தைப் போட்டுவிடுவார்கள். மருத்துவர் ஒருமுறை பார்த்த பிறகு போடலாமா என்று தன்மையாகக் கேளுங்கள். விரித்த பிறகு கண்மணி வெளிச்சத்துக்கு எப்படிச் சுருங்குகிறது என்பதைச் சோதிக்க முடியாது. கண் நரம்பு பாதித்திருக்கிறதா என்பதற்கு அந்தச் சோதனைதான் முதல் தடயம். விரிக்கும்போது உதிரும் நிறமித் துகள்கள் அழற்சிச் செல்களின் எண்ணிக்கையையும் குழப்பும்.

பார்வை அளவு, கண்மணிச் சோதனை, கண் அழுத்தம், பிறகு ஸ்லிட் லாம்ப் என்பது வரிசை. இருட்டறையில் ஒரு மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணின் முன்னறைக்குள் சாய்வாகச் செலுத்தி மருத்துவர் உற்றுப் பார்ப்பார். ஆரோக்கியமான கண்ணில் அந்த நீர் கறுப்பாக, வெறுமையாக இருக்கும். அழற்சி இருந்தால், ஓட்டு வீட்டின் இடுக்கில் விழும் வெயிலில் தூசு மிதப்பதைப்போல வெள்ளையணுக்கள் மிதக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் ஒளிக்கட்டத்தில் எத்தனை செல் என்று எண்ணுவார்கள்: 6 முதல் 15 வரை என்றால் 1+, 16 முதல் 25 வரை 2+, 26 முதல் 50 வரை 3+, அதற்கு மேல் 4+. இந்த எண்ணை உங்கள் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். புற்றுநோய் மருத்துவர் அடுத்த ஊசியைப் பற்றி முடிவெடுக்க இதைத்தான் பார்ப்பார்.

கருவிழியின் உட்பக்கம் படிவுகள், கருவிழிப்படலம் லென்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, கண் அழுத்தம் மிகக் குறைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அழுத்தம் கூடுவது மட்டுமல்ல, கண் நீரைச் சுரக்கும் பகுதி அழற்சியால் செயலிழந்து அழுத்தம் வெகுவாகக் குறைவதும் இந்த மருந்துகளில் காணப்படும் ஆபத்து. அதன் பிறகு கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்து, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். முன்பகுதி அழற்சி லேசாகத்தான் இருக்கிறது என்று பின்பகுதியைப் பார்க்காமல் அனுப்பினால் பரிசோதனை முடியவில்லை என்றே பொருள்.

உண்மையிலேயே இம்யூனோதெரபியால்தானா

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நம் நாட்டில் யுவைடிஸ் என்றால் காசநோயை விலக்காமல் நகரக் கூடாது. காசநோய்க்கான மான்டூ தோல் சோதனை அல்லது ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தச் சோதனை, மார்பு ஸ்கேன், சிபிலிஸ் சோதனை ஆகியவை அடிப்படை. கண்ணின் உள்தோற்றம் சந்தேகம் தந்தால் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கும் ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்களுக்குமான சோதனைகளும் சேரும். மழை, வெள்ளம், வயல், மாட்டுக்கொட்டகை என்ற பின்னணி இருந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக்காய்ச்சலையும் நினைக்கவேண்டும். 1993 வெள்ளத்தைத் தொடர்ந்து மதுரை வட்டாரத்தில் எலிக்காய்ச்சல் கிருமியால் யுவைடிஸ் கொத்துக்கொத்தாக வந்தது மருத்துவ இதழ்களில் பதிவான வரலாறு. இவற்றில் ஒன்று இருக்கையில் கிருமிக்கான மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் தந்தால் நோய் பெருகும்.

அடுத்து, கூடப் போடும் வேறு மருந்து. எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்குத் தரும் ஜோலெட்ரோனிக் அமிலம் பலர் நினைவில் வராத குற்றவாளி. அந்த ஊசி போட்ட ஓரிரண்டு நாளில் கண் சிவந்து வலித்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மெலனோமாவுக்கான வெமுராபெனிப், டாப்ராபெனிப் மாத்திரைகளும் யுவைடிஸ் தரும். டிராமெடினிப் விழித்திரைக்கு அடியில் நீர் தேங்க வைக்கும். கீமோ மருந்தான டோசிடாக்சலால் கண்ணீர்ப் பாதை அடைத்துக் கண் ஓயாமல் நீர் வடியும். அது அழற்சியே அல்ல. ஊசிகளின் தேதியையும் அறிகுறி தொடங்கிய தேதியையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோனால் இந்தப் புதிர் பாதி அங்கேயே அவிழும்.

கடைசியாக, புற்றுநோயே கண்ணுக்குப் பரவியிருக்கலாம். நுரையீரல், மார்பகப் புற்றுநோய்கள் விழித்திரைக்குப் பின்னுள்ள ரத்தநாளப் படலத்துக்குப் பரவக்கூடியவை. ஒரு கண்ணில் மட்டும், வலியில்லாமல், பார்வை மங்கி, சொட்டு மருந்துக்கும் அசையவில்லை என்றால் கண் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். ரத்தப் புற்றுநோய் வகைகளிலும் புற்றுநோய்ச் செல்களே அழற்சி வேடம் போடும்.

சொட்டு மருந்து: போடும் முறையில்தான் பாதிப் பலன்

முன்பகுதி யுவைடிஸுக்கு முதல் மருந்து பிரெட்னிசோலோன் அசிடேட் 1% சொட்டு. தொடக்கத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒரு மணி அல்லது இரண்டு மணிக்கு ஒருமுறை. கூடவே ஹோமட்ரோபின், சைக்ளோபென்டோலேட் அல்லது அட்ரோபின். இவை கண்மணியை விரித்து வலியைக் குறைக்கும். கருவிழிப்படலம் லென்ஸோடு ஒட்டாமல் காக்கும். இந்த இரண்டாவது மருந்தைப் போட்டதும் அருகில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். நோய் முற்றிவிட்டது என்று பயந்து பலர் நிறுத்துவது இதைத்தான். சைக்ளோபென்டோலேட்டின் மங்கல் ஏறக்குறைய ஒரு நாளும், ஹோமட்ரோபினுடையது ஓரிரு நாளும், அட்ரோபினுடையது ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். குளிர்கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அட்ரோபின் பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

பிரெட்னிசோலோன் அசிடேட் தண்ணீரில் கரையாமல் தூளாக மிதக்கும் மருந்து. குலுக்காமல் போட்டால் விழுவது பெரும்பாலும் வெறும் நீர். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையைச் சற்று இழுத்துப் பை போலாக்கி ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமைமுடியில் படக் கூடாது. விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தைச் சுட்டுவிரலால் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தால் மருந்து வெளியேறிவிடும். அடுத்த மருந்துக்கு குறைந்தது 5 நிமிடம், முடிந்தால் 10 நிமிடம் இடைவெளி. களிம்பு இருந்தால் அது கடைசியில்.

கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 5 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 100 சொட்டு, சில பாட்டில்களில் சற்றுக் கூடுதல். இரண்டு கண்ணுக்கும் மணிக்கு ஒருமுறை என்றால், 16 மணி நேரம் விழித்திருப்பவருக்கு ஒரு நாளைக்கு 32 சொட்டு. கீழே சிந்துவதையும் சேர்த்தால் மூன்று நாளில் பாட்டில் காலி. சனிக்கிழமை இரவு மருந்து தீர்ந்து திங்கள்வரை போடாமல் இருந்தால் அழற்சி மீண்டும் ஏறும். முதலிலேயே இரண்டு பாட்டில் வாங்குங்கள். திறந்த பாட்டில் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம்.

கண் வெளுத்ததும் நிறுத்திவிடுவது இந்தச் சிகிச்சையில் அடிக்கடி நடக்கும் தவறு. சிவப்பு போவது சீக்கிரம். உள்ளே மிதக்கும் செல்கள் போவது தாமதம். வாரத்துக்கு வாரம் 6, 5, 4, 3, 2, 1 தடவை என்று படிப்படியாகக் குறைப்பது பழக்கத்தில் உள்ள ஒரு முறை. எந்த வேகத்தில் என்பதை ஸ்லிட் லாம்ப்பில் செல் எண்ணிக்கையைப் பார்த்து மருத்துவர் சொல்லவேண்டும். ஒரு படி இறங்கியதும் வலியோ கூச்சமோ திரும்பினால் மறுபடி பழைய அளவுக்கு ஏற்றச் சொல்வார்கள்.

ஸ்டீராய்டு சொட்டு சில வாரங்களில் கண் அழுத்தத்தைக் கூட்டலாம். வலியே இருக்காது. வழக்கமான அளவு 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை. அதற்கு மேல் போனால் அழுத்தம் குறைக்கும் சொட்டும் சேரும். அதில் டிமோலால் இருந்தால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், கீழே சொல்லப்போகும் தசைப் பலவீனம் உள்ளவர்களுக்கும் ஆகாது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாதக்கணக்கில் நீண்டால் கண்புரையும் வரும்.

மாத்திரை எப்போது

அழற்சி 3+ அளவை எட்டினாலும், கண்ணின் நடு அல்லது பின்பகுதிக்குப் போனாலும் சொட்டு மட்டும் போதாது. பின்பகுதியை அது எட்டாது. பிரெட்னிசோலோன் மாத்திரை உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பது வழக்கமான தொடக்கம். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 60 மில்லிகிராம். ஹராடா போன்ற வகை, கண் நரம்பு அழற்சி ஆகியவற்றுக்கு மெத்தில்பிரெட்னிசோலோன் 1 கிராம் வீதம் மூன்று நாள் நரம்பில் ஏற்றுவதும் உண்டு. பிறகு குறைந்தது நான்கு முதல் ஆறு வாரங்களில் மெல்ல இறக்கவேண்டும். ஹராடா வகையில் மாதங்கள் ஆகும். திடீரென நிறுத்தினால் கண்ணில் அழற்சி திரும்பும். உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பும் அதற்குள் தூங்கிப்போயிருக்கும் என்பதால் மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரை போகும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தொடங்கிய அன்றிலிருந்தே மதிய உணவுக்குப் பின்னும் மாலையிலும் அளந்து பாருங்கள். காலையில் சாப்பிடும் ஸ்டீராய்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரையைவிட பிற்பகல் சர்க்கரையைத்தான் அதிகம் ஏற்றும். காலை அளவை மட்டும் பார்த்தால் நன்றாக இருப்பதாகவே தோன்றும். 20 மில்லிகிராமுக்கு மேல் நான்கு வாரம் நீடித்தால் ஒரு வகை நுரையீரல் பூஞ்சைத் தொற்றைத் தடுக்க மாத்திரை தேவைப்படும். ஹெபடைடிஸ் பி சோதனையும் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு எடுத்தால் புற்றுநோய் மருந்து வேலை செய்யாதோ என்ற பயம் நியாயமானதுதான். கண் சொட்டு ரத்தத்தில் கலக்கும் அளவு மிகச் சிறிது. அதைக் குறித்துக் கவலை வேண்டாம். மாத்திரையைத் தவிர்க்க வழி இருக்கும் இடங்களில் கண்ணைச் சுற்றி டிரையம்சினலோன் ஊசி, கண்ணுக்குள் 0.7 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் குச்சி வைப்பது என்ற வழிகள் உள்ளன. கிருமித்தொற்று இல்லை என்று உறுதியான பிறகே இவை. ஆனால் பார்வை போகும் நிலையில் மாத்திரைக்குத் தயங்குவது சரியல்ல.

இமை தொங்கினால், இரண்டிரண்டாகத் தெரிந்தால்

இது கண் நோய் போலத் தெரியும் உயிர் ஆபத்து. மாலையானால் இமை இறங்குகிறது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது, கண் மட்டும் சிவக்கவில்லை என்றால் மயஸ்தீனியா என்ற தசைப் பலவீன நோயாக இருக்கலாம். இம்யூனோதெரபியில் இது வரும்போது உடல் தசை அழற்சியும் இதயத் தசை அழற்சியும் சேர்ந்தே வரக்கூடும். விழுங்கும்போது புரையேறுதல், குரல் மூக்கால் வருதல், கழுத்து நிற்காமை, படுத்தால் மூச்சு முட்டுதல், நெஞ்சு படபடப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். அங்கே ஈ.சி.ஜி.யையும், இதயம், தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின், சி.பி.கே. ரத்தச் சோதனைகளையும் கேளுங்கள். இங்கே ஸ்டீராய்டு தொடக்கத்தில் தசைப் பலவீனத்தைக் கூட்டவும் செய்யும். அதனால் மருத்துவமனையில் படுக்கையில் வைத்துத்தான் தொடங்குவார்கள். அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் இவர்களுக்கு ஆகாது.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்குத் தலையின் பக்கவாட்டில் புதிய வலி, சீப்பு பட்டால் வலி, மெல்லும்போது தாடை வலி, அதோடு பார்வை மறைந்து மறைந்து வருதல் என்றால் தலைத் தமனி அழற்சி. அதுவும் அதே நாள் அவசரம்.

கண் வறட்சி

இந்த மருந்துகளில் அதிகம் வருவது உண்மையில் யுவைடிஸ் அல்ல, வறட்சிதான். மணல் விழுந்ததுபோல உறுத்தல், மாலையில் எரிச்சல், சிமிட்டினால் பார்வை தெளிதல். பாதுகாப்பு வேதிப்பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர் நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை, இரவில் ஜெல். மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடிக்காமல் படுங்கள். வாயும் வறண்டு, சோற்றைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வறட்சியோடு வலி கூடி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது புண்.

அடுத்த ஊசி போடலாமா

இந்த முடிவைக் கண் மருத்துவரோ நோயாளியோ தனியாக எடுக்கக் கூடாது. செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்து தொந்தரவு இல்லை என்றால் இம்யூனோதெரபி தொடரலாம். 1+ அல்லது 2+ முன்பகுதி அழற்சி என்றால் கண் மருத்துவர் பார்த்து அடங்கும்வரை ஊசியைத் தள்ளிவைத்து, பிறகு தொடர்வது வழக்கம். ஸ்டீராய்டு சொட்டு ஓடிக்கொண்டிருப்பது மட்டுமே தடையாகாது. 3+ அல்லது பின்பகுதி அழற்சி என்றால் நிறுத்திவைக்கவேண்டும். மீண்டும் தொடங்குவதா என்பது புற்றுநோய்க்கு வேறு வழி இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. பாதித்த கண்ணின் பார்வை 6/60 அல்லது அதற்கும் கீழே, அதாவது பலகையின் மேலுள்ள பெரிய எழுத்து மட்டும் தெரியும் நிலைக்கு, போய்விட்டால் நிரந்தரமாக நிறுத்தும்படிதான் வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டு மருந்து சேர்த்துப் போட்டவருக்கு இப்பிலிமுமாப்பை விட்டு மற்றதை மட்டும் தொடர்வதும் உண்டு.

மீண்டும் தொடங்கினால் அடுத்த ஊசிக்கு முன்பும், போட்ட ஓரிரு வாரத்திலும் ஸ்லிட் லாம்ப் பரிசோதனை வேண்டும். திரும்பி வரும் அழற்சி முதல் தடவை வந்த அதே கண்ணில், அதே இடத்தில்தான் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சொட்டு மருந்து நின்ற பிறகும் சில மாதங்களுக்கு மாதம் ஒருமுறை செல், அழுத்தம் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டால் கண்புரை வளர்ந்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், கண்ணில் அழற்சி இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் கழிந்திருக்க வேண்டும். அந்த அறுவைக்கு முன்னும் பின்னும் ஸ்டீராய்டு பாதுகாப்பு வேண்டும் என்பதால், புற்றுநோய் குணமாகி ஆண்டுகள் ஆகியிருந்தாலும் இம்யூனோதெரபியால் யுவைடிஸ் வந்ததைக் கண்புரை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.